மின்சார ஸ்கூட்டரும் எண்ணூர்ப் புகைபோக்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சை நம்பர் பிளேட் மாட்டிய மின்சார வண்டியை டீக்கடை வாசலில் நிறுத்தினால் போதும், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். எவ்வளவு தூரம் ஓடும், பேட்டரி என்ன விலை, வெடிக்காதா என்று ஆரம்பிக்கும் பேச்சு, "எல்லாம் சரி, கரண்ட் நிலக்கரியில இருந்துதானே வருது?" என்பதில் வந்து நிற்கும். கேட்க வேண்டிய கேள்வி அந்தக் கடைசிக் கேள்விதான். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது. கணக்குகள் எல்லாம் தமிழ்நாட்டில், வீட்டில் சார்ஜ் போட்டு ஓட்டுகிறவரை மனதில் வைத்துப் போட்டவை.

கரண்டே நிலக்கரியில் இருந்து வரும்போது மின்சார ஸ்கூட்டரால் என்ன லாபம்?

லாபம் உண்டு. விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை, டீக்கடையில் சொல்கிற அளவுக்கு மோசமும் இல்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 51 கிராம். கச்சா எண்ணெயைத் தோண்டி, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரித்து, லாரியில் பங்க் வரை சேர்ப்பதற்கும் எரிபொருள் செலவாகிறது. அதற்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் 60 கிராமை ஒட்டி வரும்.

மின்சார ஸ்கூட்டர் நம் ஊர் போக்குவரத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 35 வாட்-மணி எடுக்கும், சார்ஜர் சூடாகி வீணாக்குவதையும் சேர்த்து. மின்நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் போகிற இழப்பைச் சேர்த்தால் 40. இந்திய மின்தொகுப்பில் (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையில்) ஒரு யூனிட், அதாவது 1,000 வாட்-மணி, மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியேறுகிறது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. அதன்படி ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 29 கிராம்.

ஆக, நிலக்கரிக் கரண்டிலேயே ஓடினாலும் ஏறக்குறைய பாதி. காரணம் இன்ஜின்தான். பெட்ரோல் இன்ஜின் எரிபொருளில் உள்ள சக்தியில் கால்வாசியைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிய விஷயம், மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. சிக்னலில் நிற்கும்போது எதையும் எரிப்பதும் இல்லை.

காருக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சிறிய மின்சாரக் கார் ஒன்று, எல்லா இழப்பும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 195 வாட்-மணி வரை எடுக்கும். கரியமில வாயு 140 கிராம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு 185 கிராம். வித்தியாசம் கால்வாசிதான். ஒன்றரை டன் இரும்பை ஒரே ஒரு ஆளுக்காக இழுத்துக்கொண்டு போனால், எதில் இழுத்தாலும் செலவு செலவுதான். மின்சார வாகனம் என்றாலே காரைக் காட்டுகிறார்கள். என் பார்வையில் இந்தியாவில் இந்த மாற்றத்துக்கு முதலில் அர்த்தம் கொடுப்பவை ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ் ஆகிய மூன்றும்தான். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராவது பெரும்பாலும் இருசக்கர வண்டிகள் என்பது அந்த வகையில் நல்ல செய்தி.

பேட்டரி செய்யும்போதே நிறைய மாசு வருகிறதாமே?

வருகிறது. ஒரு கிலோவாட்-மணி பேட்டரி செய்ய 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியேறும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஸ்கூட்டரில் இருப்பது 3 கிலோவாட்-மணி, அதிகபட்சம் 300 கிலோ என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 30 கிராம் மிச்சம் என்றால், 10,000 கிலோமீட்டரில் அந்தக் கடன் தீர்ந்துவிடும். தினமும் 25 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒரு வருஷமும் சில வாரங்களும். 30 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள காருக்கு மிச்சம் கிலோமீட்டருக்கு 45 கிராம் என்பதால் 67,000 கிலோமீட்டர் வரை ஆகலாம். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கிற காரை மின்சாரத்துக்கு மாற்றினால் சுற்றுச்சூழலுக்குப் பெரிய நன்மை இல்லை. டாக்சி ஓட்டுகிறவர் மாற்றினால் ஒன்றரை வருஷத்துக்குள் கணக்கு நேராகும்.

லித்தியம், கோபால்ட் தோண்டுவதில் உள்ள சிக்கல்கள் உண்மையானவை. இப்போது பரவலாகி வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கோபால்ட் கிடையாது, அந்த ஒரு தலைவலி குறைகிறது. இன்னொரு பக்கம், லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படும் கிராபைட் நம் சிவகங்கை மண்ணிலேயே கிடைக்கிறது, கவனிப்பவர்தான் குறைவு.

தமிழ்நாட்டில்தான் இவ்வளவு காற்றாலை இருக்கிறதே, நம் கரண்ட் சுத்தமானது இல்லையா?

பெருமைப்பட இடம் இருக்கிறது. 1986-லேயே தூத்துக்குடிப் பக்கம் சோதனைக் காற்றாலைகள் வந்துவிட்டன. இன்று ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நெடுஞ்சாலையில் போனால் மலை அடிவாரம் முழுக்க இறக்கைகள். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு என்று காற்று நுழையும் வாசல் எல்லாவற்றிலும் நட்டுவைத்திருக்கிறோம். மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரியப் பண்ணை, அப்போது ஒரே இடத்தில் இருந்த உலகின் மிகப் பெரிய பண்ணைகளில் ஒன்று. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன.

ஆனால் நிறுவுதிறன் (முழுவேகத்தில் ஓடினால் எவ்வளவு தர முடியும் என்பது) வேறு, உற்பத்தி வேறு. இந்தியாவின் மொத்த நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அது உண்மை. ஆனால் வருஷம் முழுக்க உண்மையில் உற்பத்தியாகும் யூனிட்டுகளில் நிலக்கரியின் பங்கு இன்னும் எழுபது சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது. சோலார் பலகை இரவில் தூங்கும். காற்றாலை மே முதல் செப்டம்பர் வரை வெளுத்து வாங்கும், ஜனவரியில் பல நாள் சும்மா நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அன்று முதல் எல்லாம் ஒரே குளம். முப்பந்தல் காற்றும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் ஒடிசா நிலக்கரியும் அதில்தான் கலக்கின்றன. "என் வண்டி காற்றாலைக் கரண்டில் ஓடுகிறது" என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் நம் கையில் எதுவுமே இல்லையா?

ஒன்று இருக்கிறது: சார்ஜ் போடும் நேரம். வண்டியின் பிராண்டைப் பற்றி மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதை ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை.

காலை ஒன்பதில் இருந்து மாலை நான்கு வரை சோலார் கொட்டுகிறது. அந்த நேரத்தில் மின்வாரியங்கள் கரண்ட் வாங்கும் மின்சந்தையில் விலை சில நாள் யூனிட்டுக்கு 2 ரூபாய்க்கும் கீழே இறங்கும். வாங்க ஆள் இல்லாமல், ஓடுகிற காற்றாலையையும் சோலாரையும் குறைக்கச் சொல்லும் நாட்களும் உண்டு. சாயங்காலம் ஆறரைக்கு வெயில் போகிறது. அதே நேரத்தில் வீடுகளில் விளக்கு, டிவி, ஏசி எல்லாம் எழுந்துகொள்கின்றன. அந்தப் பள்ளத்தை நிரப்ப அனல்மின் நிலையங்களை முழுவேகத்தில் ஓட்ட வேண்டும். அதுவும் போதாவிட்டால் சந்தையில் 10 ரூபாய் உச்சவரம்பு விலை கொடுத்தும் வாங்க வேண்டும்.

நாம் எப்போது சார்ஜ் போடுகிறோம்? ஆபீசில் இருந்து வந்து, செருப்பைக் கழற்றி, பிளக்கைச் செருகிவிட்டுத்தான் காபி கேட்கிறோம். மணி ஏழு. இருப்பதிலேயே மோசமான நேரம்.

பகலில் போட முடிந்தால் பகலில் போடுங்கள். முடியாவிட்டால் இரவு பதினொன்றுக்கு மேல். நள்ளிரவுக் கரண்டிலும் பெரும்பகுதி நிலக்கரிதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் உச்ச நேரத்து நெருக்கடியில் நீங்கள் சேரமாட்டீர்கள். ஆனி, ஆடியில் ராத்திரியெல்லாம் காற்றாலை சுற்றும், அப்போது இரவு சார்ஜும் நல்லதுதான். பல வண்டிகளின் ஆப்பிலேயே நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் டைமர் ஒன்றைச் சார்ஜரின் ஆம்பியருக்குப் பொருந்தும்படி பார்த்து வாங்கலாம்.

பகலில் சார்ஜ் போட்டால் கட்டணம் குறையுமா?

வீட்டு இணைப்புக்கு இப்போதைக்கு இல்லை. 2023-ல் மத்திய அரசு திருத்திய விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் (எந்த நேரத்தில் எவ்வளவு செலவானது என்று பதியும் மீட்டர்) பொருத்திய வீடுகளுக்கும் சூரிய ஒளி நேரத்தில் குறைந்த கட்டணம் வர வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் பரவலாக வராதவரை அது ஏட்டில்தான் இருக்கும். ஆக, பகலில் சார்ஜ் போடுகிறவருக்கு இன்று ஒரு பைசா லாபமும் கிடையாது. இதைக் கொள்கைத் தோல்வி என்றுதான் சொல்வேன். வண்டிக்கு மானியம் கொடுத்தோம், சாலைவரியைத் தள்ளுபடி செய்தோம். எந்த நேரத்தில் சார்ஜ் போட வேண்டும் என்பதற்கு மட்டும் எந்த ஊக்கமும் கொடுக்கவில்லை.

எல்லாரும் மின்சார வண்டி வாங்கிவிட்டால் கரண்ட் தட்டுப்பாடு வருமா?

பத்து லட்சம் ஸ்கூட்டர்கள், தினமும் ஆளுக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நாளுக்குப் பத்து லட்சம் யூனிட். கோடையில் தமிழ்நாடு ஒரே நாளில் 40 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழிக்கிறது. கால் சதவீதம்கூட இல்லை.

இதே பத்து லட்சம் பேரும் மாலை ஏழு மணிக்கு 700 வாட் சார்ஜரைச் செருகினால் 700 மெகாவாட். மேட்டூரில் உள்ள 600 மெகாவாட் அலகு ஒன்று முழுவேகத்தில் ஓடினாலும் போதாது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் இன்னொரு 700 என்பது சின்ன எண் இல்லை. மாநிலத்துக்குத் தாங்கினாலும் உங்கள் தெரு டிரான்ஸ்பார்மருக்குத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. மே மாத இரவில் பியூஸ் போன தெருவில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சூரிய மின்சாரத்தை ராத்திரிக்குச் சேமித்து வைக்க முடியாதா?

முடியும், ஏற்கெனவே செய்தும் வருகிறோம். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் கடைசியில் இருந்து ஓடுகிறது, 400 மெகாவாட். கரண்ட் மிஞ்சும் நேரத்தில் கீழே உள்ள மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள், தேவைப்படும் நேரத்தில் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்துபோலத் திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டுக்கும் நடுவே குந்தா திட்டம் இன்னொரு 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டு, பல வருஷமாக வேலை நடந்துகொண்டிருக்கிறது. பெரிய பேட்டரி நிலையங்களுக்கும் டெண்டர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. மலையும் காடும் சம்பந்தப்பட்டது என்பதால் நீரேற்றுத் திட்டங்களுக்கும் விலை உண்டு, அதைக் கணக்கில் வைக்காமல் பேசுவது சரியில்லை.

அண்ணா சாலையில் புகை குறைந்தால் எண்ணூரில் கூடும், அவ்வளவுதானே?

பாதி உண்மை, அதனால்தான் இந்தக் கேள்வி குத்துகிறது. எக்ஸாஸ்ட் புகை நம் முகத்துக்கு நேராக வருகிறது. பள்ளிக்கூட வாசலில் நூறு வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கும்போது குழந்தைகள் மூக்கின் உயரத்தில்தான் சைலன்சர் இருக்கிறது. அதை நிறுத்துவது நிஜமான நன்மை.

மின்நிலையப் புகைக்கும் சாம்பலுக்கும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக்கு அருகில் செப்பாக்கம் என்ற ஊர். காற்று அடித்தால் வீட்டுத் திண்ணையில் சாம்பல் படியும். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்ததால் இறாலும் நண்டும் குறைந்துபோனதாக எண்ணூர் மீனவர்கள் பல வருஷமாக முறையிடுகிறார்கள். கந்தக டை ஆக்சைடைக் குறைக்கும் கருவிகளை அனல்மின் நிலையங்களில் பொருத்த வேண்டும் என்று 2015-ல் விதி வந்தது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். மின்சார வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தச் செய்தியைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். சைலன்சர் இல்லாத வண்டியின் புகைபோக்கி அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஆறுதல்: பெட்ரோல் வண்டி வயதாக ஆக அதிகமாகப் புகைக்கும். மின்சார வண்டியின் பங்கு மாசு, தொகுப்பில் சோலாரும் காற்றும் கூடக் கூட, வண்டியைத் தொடாமலே குறையும்.

மாடியில் சோலார் போட்டால் வண்டிக்குப் போதுமா?

ஸ்கூட்டருக்குத் தாராளம். ஒரு கிலோவாட் பலகை, சுமார் நூறு சதுர அடி இடம், நாளுக்கு 4 யூனிட் வரை. ஸ்கூட்டருக்கு ஒன்று போக மூன்று யூனிட் வீட்டுக்கு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாய் மானியம். தென்னை மர நிழல், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுகிறதா என்று காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் மாடியில் ஏறிப் பாருங்கள். வாடகை வீடு, அபார்ட்மென்ட் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு உதவாது, மன்னிக்கவும்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

தினம் 30 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 63 யூனிட். வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போடலாம், வீட்டுக் கட்டணம்தான். நடுத்தரமாகச் செலவழிக்கும் வீட்டில் 300 ரூபாய்போலக் கூடும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள் 500 யூனிட்டை ஒட்டி நிற்பவர்கள். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலை போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கு 2024 ஜூலைக் கட்டணப்படி 8.55 ரூபாய். அவர்களுக்கு 700 ரூபாய்க்கு மேல்கூட ஏறலாம். அப்படியும் அதே தூரத்துக்குப் பெட்ரோல் 40 லிட்டர், 4,000 ரூபாயைச் சுற்றி.

சாதாரண பிளக்கில் போடலாமா? தீப்பிடிக்காதா?

பழைய வீட்டின் ஐந்து ஆம்பியர் சாக்கெட்டில், மிக்சிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்சை மாட்டி நாலு மணி நேரம் சார்ஜ் போடுகிறவர்கள் ஏராளம். அந்தப் பாக்சைக் கழற்றிப் பாருங்கள். சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கும், பின்னின் ஒரு முனை கறுத்திருக்கும், கருகல் வாடை லேசாக வரும். தளர்ந்த பின் சூடாகிறது என்று அர்த்தம். வண்டிக்கென்று தனி வயர் இழுத்து, 15 ஆம்பியர் சாக்கெட், எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் மூன்றும் போடச் சொல்லுங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் வாயால் சொன்னால் போதாது, டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

2022-ல் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் எரிந்தன. அந்த வருஷம் மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜில் இருந்த வண்டி தீப்பிடித்து இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாகி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாக அமலுக்கு வந்தன. அதற்கு முந்தைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். மாடிப்படிக்குக் கீழேயோ, வெளியே போகும் ஒரே வழியிலோ சார்ஜ் போடாதீர்கள். வெயிலில் ஓடி வந்த வண்டியை அரைமணி ஆறவிட்டுப் போடுங்கள். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியை ஆன் செய்யவும் வேண்டாம், சார்ஜில் போடவும் வேண்டாம், நேராக சர்வீசுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

என் பெட்ரோல் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றவா?

தினமும் பத்து கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுகிறீர்கள் என்றால் அவசரமில்லை. அது தேயட்டும். தினம் ஐம்பது, அறுபது ஓடும் டெலிவரி வேலை என்றால் மாற்றுங்கள், பணமும் மிஞ்சும்.

வண்டியே வாங்காமல் இருந்தால்?

எல்லாவற்றிலும் நல்லது அதுதான், கேட்பார்தான் இல்லை. சென்னைக்கு மின்சாரப் பயணம் புதுசும் இல்லை: டிராம் 1895-லேயே கரண்டில் ஓடியது, 1953-ல் நிறுத்தினார்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் வந்தது, இன்றும் "எலக்ட்ரிக் ட்ரெயின்" என்றுதான் பெயர். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் இறங்கின. ஒரு பஸ்சில் ஐம்பது பேர் போனால் தலைக்கு ஆகும் மின்சாரம் ஸ்கூட்டரை விடக் குறைவு. பணிமனையில் எந்த நேரம் சார்ஜ் போடுவது என்பதை ஒரே ஒரு அதிகாரி முடிவு செய்துவிடலாம் என்பது கூடுதல் வசதி.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

காயலான் கடையில் போடாதீர்கள். உடைத்தால் தீப்பிடிக்கும், உடைக்கிறவருக்கு அது தெரிந்திருக்காது. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெற வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருடையது. டீலரிடம் கொடுத்து ரசீது கேளுங்கள், "அதெல்லாம் எடுக்க மாட்டோம்" என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வண்டிக்கு உதவாத பேட்டரியிலும் பெரும்பாலும் எழுபது, எண்பது சதவீதத் திறன் மிச்சமிருக்கும், வீட்டுச் சோலாரைச் சேமிக்க அது தாராளம். ஆனால் தெருமுனைக் கடையில் பழைய செல்களைப் பிரித்துக் கோர்த்துத் தரும் பேக்கை மட்டும் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.